குகைக்குத் திரும்பும் நடை

என் அண்ணன் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். நாற்பத்தாறாவது வயதில் ஒரு காலையில், ஒன்பது மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்த மோட்டார் அறையில், ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. கூட வேலை செய்தவர் அவரைத் தாங்கிப் பிடித்து, அண்ணன் அரை மணி நேரம் முன்பு சரிசெய்திருந்த அதே லிஃப்டில்தான் கீழே இறக்கினார்.

"நான் பார்த்த லிஃப்ட்லதான் என்னை இறக்குனாங்க. நடுவுல எங்கயும் நிக்கலையே, அதைச் சொல்லு" என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் குழறிக் குழறிச் சொன்னார். பேச்சு மூன்று மாதத்தில் முழுதாகத் திரும்பிவிட்டது. இடது கை பாதி திரும்பியது. இடது கால் திரும்பவே இல்லை.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கால்தான் முதலில் வந்து நிற்கிறது. அது அவருக்குப் பிடிக்காது. அதனால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும்போது விசிலடிப்பார். அடிப்பது என்ன பாட்டு என்று அண்ணியால்கூடக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. தீர்ந்துபோன மாத்திரை டப்பாக்களில் திருகாணிகளைப் பிரித்துப் பிரித்து வைத்திருப்பார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். முதல் சம்பளத்தில் எல்லோரும் வாங்குவது போல அம்மாவுக்குப் புடவை வாங்காமல், ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து திட்டு வாங்கினார். அப்போது எங்களிடம் இருந்த ஒரே விளையாட்டு, பிறகு ஐந்து பாகம் வரை வளர்ந்த அந்த வேட்டை விளையாட்டின் முதல் பாகம்.

விளையாடாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், அது ரொம்ப எளிமையானது. நாம் ஒரு வேட்டைக்காரர். ஒரு வீட்டளவு பெரிதாக இருக்கும் மிருகத்தைக் காடு மலையெல்லாம் துரத்தி அடிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று திரையில் எங்கும் காட்டாது. மிருகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், கடைசியில் ஒரு காலை இழுத்து இழுத்துத் தன் குகைக்குத் திரும்பும். அது நொண்ட ஆரம்பித்தால் வேட்டை முடியப்போகிறது என்று அர்த்தம். பின்னாலேயே போய், அது தூங்கும்போது அடித்துவிடலாம். கையில் பிடித்துப் பட்டன் அமுக்கும் கன்ட்ரோலர் எங்களிடம் ஒன்றுதான். அண்ணன் செத்தால் என் கைக்கு வரும், நான் செத்தால் அவர் கைக்குப் போகும். என் முறை இல்லாத நேரத்தில் நான் அந்த மிருகங்களை நோட்டில் வரைந்துகொண்டிருப்பேன். அந்த நோட்டுகள்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தன. இன்று அதே விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனத்தில், நாலுகால் மிருகங்களைக் கணினியில் நடக்க வைப்பது என் வேலை.

அண்ணனுக்கு விளையாடுவதில் இருந்த அளவு ருசி விமர்சனங்களைப் படிப்பதிலும் உண்டு. ஒவ்வொரு பாகம் வரும்போதும் முப்பது நாற்பது விமர்சனங்களை ஒரு வரி விடாமல் படிப்பார். லிஃப்ட் வேலையில் புகார்ப் பதிவேட்டைப் படித்துப் படித்து வந்த பழக்கம்.

"புகார் எழுதுறவங்க பொய் சொல்ல மாட்டாங்க குட்டி" என்பார். "மூணாவது மாடியில குலுங்குதுன்னு எழுதியிருப்பாங்க. குலுங்குறது நெஜம். மூணாவது மாடிதான் தப்பு. அது எங்க குலுங்குதுன்னு நாமதான் போய்த் தேடணும்."

விமர்சகர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் புகழ்கிறவர் சர்க்கரைப் பொட்டலம். விளையாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறவர் உலகம் சுற்றி. ஒரு சின்ன இணையதளத்தில் எழுதும் இன்னொருவருக்கு முசுடு என்று பெயர். அவர் எதற்கும் பத்துக்கு ஏழுக்கு மேல் போட்டதில்லை. அண்ணன் முசுடுவைக் கடைசியில்தான் படிப்பார். "இவன் ஒருத்தன்தான் கழட்டிப் பார்த்துட்டு எழுதுறான்" என்று அவர்மேல் தனி மரியாதை.

இனி அந்த நடையைச் சொல்ல வேண்டும்.

இடுப்பை மேலே தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுற்றி முன்னால் வைப்பார். வைத்ததும் சின்னதாக ஒரு நிறுத்தம். தாங்குவாயா என்று காலிடம் கேட்டுக்கொள்வது போல. பிறகு இடது தோள் இறங்கும். தலை மட்டும் நிமிர்ந்தே இருக்கும். படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு இருபத்தாறு அடி எடுத்து வைப்பார். வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் பத்து நிமிடம் முன்பே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர்கள் எழுந்து போய்க் கதவு சாத்தும்வரை அசைய மாட்டார். பழைய நண்பர்கள் அவர் கையைக் குலுக்கிவிட்டு, "ஆளு அப்படியேதான் இருக்காரு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் நடப்பதைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள் மூன்றே பேர்: அண்ணி, பிசியோதெரபிக்கு வரும் பெண், நான்.

ஐந்தாம் பாகத்தில் முக்கியமான மிருகத்துக்குச் சாம்பல்முதுகு என்று பெயர். அதன் நொண்டல் என் பொறுப்பில் வந்தது. முந்தைய நான்கு பாகங்களிலும் மிருகங்கள் ஒரே மாதிரிதான் நொண்டும். குதித்துக் குதித்து, பார்த்தால் சிரிப்பு வரும். இந்த முறை அப்படி இருக்கக் கூடாது என்று எங்கள் டீம் லீட் சொல்லிவிட்டார். ஒரு நொடி அசைவை முப்பது துண்டாக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர்.

எங்கள் தொழிலில், நடையைச் செய்வதற்கு முன்னால் யாரையாவது நடக்கவிட்டுப் படம் பிடித்துக்கொள்வோம். அலுவலக நடைபாதையில் நாங்களே முட்டிபோட்டு, கை ஊன்றி, உறுமிக்கொண்டு ஊர்வோம். புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி ஒருவர் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். அப்படி ஊர்ந்து, நாய்களின் படம் பார்த்து, குதிரைகளின் படம் பார்த்து, பதினான்கு முறை செய்து காட்டினேன். பதினான்கையும் பூதக்கண்ணாடி திருப்பி அனுப்பினார்.

"இது வலிச்சு நொண்டலைம்மா" என்றார் கடைசி முறை. "நம்மகிட்ட நொண்டிக் காட்டுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். எனக்கு விக்கல் எடுத்தது. "இரு இரு, நான் கொண்டு வர்றேன்" என்று அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போனார். கையில் தண்ணீர் டம்ளரோடு திரும்பி வந்தார். என் போன் மடியில் இருந்தது. செய்தி படிப்பது போலக் குனிந்துகொண்டேன். எடுக்கலாம் என்று முடிவுசெய்த நினைவு எனக்கு இல்லை, கட்டைவிரல் அழுத்திவிட்டது. இப்படிச் சொல்வதும் ஒரு சாக்குதான். முப்பத்தெட்டு நொடி. அவர் தண்ணீரைக் கொடுத்து, "மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடி" என்றார். குடித்தேன்.

கேட்டிருக்கலாம். கேட்டால் நடை மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்து நடப்பவரின் நடை வேறு. எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தருவது அது. மேலும் நான் எடுத்துக்கொள்வது அளவுகளை மட்டும்தானே: எத்தனையாவது ஃப்ரேமில் இடுப்பு ஏறுகிறது, எத்தனையாவதில் தோள் இறங்குகிறது. அதை ஒரு பத்து டன் மிருகத்தின் பின்னங்காலில் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பதினைந்தாவது முறையாகக் காட்டியபோது பூதக்கண்ணாடி மறுபடி ஓட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை யாரும் தொடக் கூடாது" என்றார்.

அதன் பிறகு எட்டு மாதம். ஒவ்வொரு முறை அண்ணன் வீட்டுக்குப் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். செருப்பு மாட்டும்போது, அடுத்த முறை என்று திரும்புவேன்.

விமர்சகர்களுக்கு விளையாட்டை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவார்கள். ஆனால் குறித்த நாள், குறித்த மணிக்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மணி அடித்ததும் எல்லா விமர்சனங்களும் ஒரே நேரத்தில் கொட்டும். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. கூட்ட அறையில் நாற்பது பேர் நின்றோம். நான்கு அடித்து ஒரு நிமிடத்தில் பெரிய திரையில் எல்லா விமர்சனங்களின் சராசரி மதிப்பெண் வந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. தொடரிலேயே அதிகம். ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சத்தம் போட்டதில் என் காது அடைத்தது.

பூதக்கண்ணாடி திரையில் இருந்து ஒரு மணி நேரம் வாசித்தார். காடு அழகு, ஆயுதங்கள் பரவாயில்லை, கதை வழக்கம் போல. பிறகு எல்லோரும் வந்து நின்றது ஒரே இடத்தில். "சாம்பல்முதுகு குகைக்குத் திரும்பும் நடையைப் பார்த்தபோது ஆயுதத்தைத் தாழ்த்திவிட்டேன்" என்று எழுதியிருந்தார் சர்க்கரைப் பொட்டலம். "இருபது வருடமாக இந்த விளையாட்டில் கொன்றுவருகிறேன். முதல் முறையாக வெட்கப்பட்டேன்" என்றது இன்னொன்று. உலகம் சுற்றிகூட இந்த முறை உலகத்தை விட்டுவிட்டு அந்தப் பின்னங்காலுக்கு மூன்று பத்தி ஒதுக்கியிருந்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

"குட்டி!" அண்ணன்தான். "உன்னோட காலைத்தான் எல்லாப் பயலும் எழுதியிருக்கான்! படிச்சியா? நான் பதினேழு படிச்சுட்டேன். பதினாறுல உன் கால்!"

"படிச்சேண்ணா."

"என்ன, குரலே வரல? அழுறியா? அழு, அழு. இன்னைக்கு அழுதா தப்பில்ல. வேலை முடிஞ்சு நேரா இங்க வா."

ஆறு மணிக்குப் போனேன். கதவைத் திறந்தது அண்ணனே. வாசல்வரை நடந்து வந்திருந்தார். இத்தனை நாளில் அப்படி வந்ததில்லை. "உள்ள வாங்க, தொண்ணூத்தொண்ணு மேடம்" என்று குனிந்து வணக்கம் வைத்தார். பின்னால் அண்ணி, "நாலு மணியிலிருந்து மனுஷன் உட்காரல குட்டி. கால் வீங்கப்போகுதுன்னா கேட்டாத்தானே. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு நிக்க வச்சு வாசிச்சுக் காட்டுறாரு. அந்தம்மாவுக்கு வேட்டையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பாவம், தலையை ஆட்டிக்கிட்டே நின்னுச்சு" என்றார்.

அண்ணன் இன்னும் அந்த நடையைப் பார்த்திருக்கவில்லை. எழுத்தைப் படிப்பாரே தவிர, விளையாடுவதற்கு முன் ஒரு காட்சியைக்கூடப் பார்க்க மாட்டார். அது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. விளையாட்டு சனிக்கிழமைதான் கைக்கு வரும். எனக்கு மூன்று நாள் இருந்தது.

மேசையில் டீயை வைத்துக்கொண்டு, "முசுடுவை உனக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வழக்கம் போல ஏழு. காடு வீணாகப் பெரிது, ஆயுதங்களில் புதிதாக ஒன்றுமில்லை. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வாசித்தார்:

"எல்லோரும் புகழும் அந்த நடையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இதைக் கற்பனையில் செய்ய முடியாது. மிருகங்களும் இப்படி நடப்பதில்லை. காலை ஊன்றிய பிறகு வரும் அந்த நிறுத்தம் மனிதருடையது. எங்கோ ஒருவர் தன் வீட்டுக்குள் இப்படி நடந்துகொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டார்களா?"

அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா இவனை? ஊரே கைதட்டுது, இவன் மட்டும் ஸ்க்ரூவைத் தேடுறான். சரி, சொல்லு. யாரைப் பார்த்துப் பண்ணீங்க? மனுஷனா?"

அண்ணி வறுத்த கடலையைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இல்லண்ணா" என்றேன். "ஒரு நாய். தெருவுல அடிபட்ட ஒரு நாய்."

"நான் சொல்லல?" என்றார் அண்ணியிடம். "முசுடு முதல் தடவையா மாடியைத் தப்பாச் சொல்லிட்டான்."

மறுநாள் பூதக்கண்ணாடியின் மேசைக்குப் போனேன். முதல் அப்டேட்டில் அந்த நடையைக் கொஞ்சம் மாற்றிவிடலாமா, அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"உனக்குக் காய்ச்சலா?"

"இல்ல சார். எனக்கு அது சரியாப் படல."

"நாற்பது விமர்சனம் வந்திருக்கு. முப்பத்தெட்டுல அந்தக் கால். அதை எடுத்துட்டா, தொண்ணூத்தொண்ணு எதுக்குக் குடுத்தோம்னு அவங்களே மறுபடி வந்து கேட்பாங்க. போம்மா, போய் ரெண்டு நாள் தூங்கு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் வீட்டில் இருந்தேன். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போனால் எப்படியாவது முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு. ஆனால் நான் போவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் மடியில் தலையணை, அதன் மேல் கன்ட்ரோலர். வலது கை அவருடையது. இடது பக்கப் பட்டனுக்கு அண்ணி. இரண்டு வருடமாக அப்படித்தான் விளையாடினார்கள்.

"அமுக்கு."

"எதை?"

"மேல இருக்குற நீளமானதை. இருபது வருஷமா கூட இருக்க, இன்னும் எதைன்னு கேக்குற."

"உங்ககூட இருக்குறதுக்குப் பட்டன் கெடையாதே. இருந்தா எப்பவோ ஆஃப் பண்ணியிருப்பேன்."

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். உட்காரச் சொன்னபோது, முதுகு வலிக்கிறது என்றேன். நாற்பது நிமிடம் போனது. அண்ணன் நன்றாக விளையாடினார். சாம்பல்முதுகு மரங்களை முறித்துக்கொண்டு ஓடியது, திரும்பி வந்து மோதியது. அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார் அண்ணன். "குட்டி, முன்னால வா, உன் கால் வருது."

மிருகம் திரும்பியது. பின்னிடுப்பு ஏறியது. கால் வெளிப்பக்கமாக அரைவட்டம் சுற்றி முன்னால் வந்து ஊன்றியது. நின்றது. பிறகு தோள் இறங்கியது. தலை நிமிர்ந்தே இருந்தது.

நான்கு அடி, ஐந்து அடி. அண்ணி முதலில் கண்டுகொண்டார். பட்டனில் இருந்த அவர் விரல் தளர்ந்ததைப் பார்த்தேன். அண்ணனின் முகத்தைப் பார்த்தார்; பிறகு தரையைப் பார்த்தார். அண்ணன் கன்ட்ரோலரைத் தொடவில்லை. திரையில் அவருடைய வேட்டைக்காரர் சும்மா நின்றார். சாம்பல்முதுகு புல்வெளியைக் கடந்து, பாறை இடுக்கில் ஏறி, குகைக்குள் போய் மறைந்தது. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிடிக்கும். எனக்குத் தெரியும், நான் செய்தது.

"எப்ப எடுத்த?" என்றார். திரும்பவில்லை.

"போன வருஷம். எனக்கு விக்கல் எடுத்துச்சே. நீங்க தண்ணி கொண்டு வந்தீங்களே, அன்னைக்கு."

"ம்." திரையைப் பார்த்தபடியே, "இடுப்புல எடை மாறுற இடம் சரியா வந்திருக்கு" என்றார். ஒரு வேலையைப் பார்த்தால் அதில் சரியாக இருப்பதை முதலில் சொல்லிவிடுவது அவர் சுபாவம். பிறகு, "நாய்னு சொன்னியே" என்றார்.

"அண்ணா..."

"இல்ல, சும்மா கேட்டேன். தெருவுல அடிபட்டதுன்னு சொன்ன."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார், பாத்திரம் எதுவும் கழுவவில்லை. நான் தரையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு மாதமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னேன். அளவுகளை மட்டும்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அந்த நடையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆயுதத்தைத் தாழ்த்தினார்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"எல்லாரும்னா எத்தனை பேரு?" என்று கேட்டார்.

அன்றைக்கு மட்டுமே இருபது லட்சம் பேர் விளையாடியிருந்தார்கள். நான் எண்ணைச் சொல்லவில்லை. அவர் அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

அடுத்த வாரத்தில் முசுடுவின் கேள்வியை மற்ற விமர்சகர்களும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரைப் பொட்டலம் தன் விமர்சனத்துக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்தார். ஒரு மருத்துவர் எழுதினார்: இது பக்கவாதத்துக்குப் பிறகான நடை, இடது பக்கம், சந்தேகமில்லை. "அவரிடம் கேட்டார்களா?" என்பதை ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அண்ணன் மேல் இவ்வளவு பேருக்கு அக்கறை. அவர்களில் ஒருவரும், தினம் அந்த நடையைப் பார்த்துக்கொண்டேதான் விளையாடுகிறோம் என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை சட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். மென்மையாகத்தான் பேசினார். அது யாருடைய நடை, அவர் படப்பிடிப்புக்கு ஒப்புதல் கொடுத்தாரா என்று கேட்டார். என் அண்ணன், கொடுத்தார் என்றேன். மறுபடியும் ஒரு பொய், இந்த முறை யோசிக்கவே இல்லை. "நல்லது. அப்ப அந்த ஒப்புதல் படிவம் நாளைக்கு எனக்கு வேணும். படம் எடுத்த தேதிக்கு முன்னாடி போட்ட கையெழுத்து. அது இல்லைன்னா நடையை எடுத்துடுவோம். ஒப்புதல் இல்லாம எடுத்தவங்க இங்க வேலையில இருக்க முடியாது, உங்களுக்கே தெரியும்" என்றார்.

நடையை எடுத்துவிடுவார்கள். போன வாரம் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் போதும், அன்றைக்கே அது நடந்திருக்கும். அந்த அறையில் இருந்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, அதை நன்றாக யோசித்தேன். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி கதவைத் திறந்தார். "வாம்மா" என்றார், குட்டி என்று சொல்லவில்லை. அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். நான் படிவத்தை மேசையில் விரித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விமர்சனங்களைப் படிப்பது போல ஒரு வரி விடாமல் படித்தார்.

"இது இல்லைன்னா என்ன ஆகும்?"

"நடையை எடுத்துருவாங்க."

"உன்னை?"

"என்னையும்."

தலையாட்டினார். பேனா கேட்டார்.

ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் ஓர் அட்டை இருக்கும். கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. பல மெக்கானிக்குகள் கீழேயே நின்று ஆறு மாத அட்டைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் போட மாட்டார். அதற்காகவே அவருக்குக் கம்பெனியில் இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போனது. மெதுவான ஆள் என்று எழுதி வைத்திருந்தார்கள். மழை நாளில், மின்சாரம் இல்லாத நாளில், ஒன்பது மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கித்தான் அன்றைய தேதியை எழுதுவார்.

"எந்தத் தேதி போடணும்?" என்று கேட்டார்.

சொன்னேன். போன வருடத்துத் தேதி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு.

இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியாமல் அது நகர்ந்துகொண்டே இருந்தது. நான் பிடிக்கப் போனேன். "விடு" என்றார். பக்கத்தில் இருந்த டீ டம்ளரைத் தூக்கித் தாளின் ஓரத்தில் வைத்துவிட்டு, தேதியை எழுதினார். பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

நான் தாளை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இப்பக் கேளு" என்றார்.

"என்னண்ணா?"

"முசுடு எழுதுனானே, அவர்ட்ட கேட்டாங்களான்னு. நீ என்கிட்ட இன்னும் கேட்கல. தாள்ல கேட்டதா இருக்கு. வாயால ஒரு தடவை கேளு."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, உங்க நடையை நான் எடுத்துக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு புகாரை முழுதாகப் படித்து முடித்தவரின் முகம்.

"வேண்டாம் குட்டி" என்றார்.

கையைத் தூக்கி, தாளை என் பக்கம் தள்ளினார்.

அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் சட்டப் பிரிவில் கொடுத்தேன். அந்தப் பெண் தேதியையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து என்னிடம் தந்தார்.